காதால் படிக்கிற கோடிங்: பார்வையற்ற புரோகிராமர்களின் கருவிகள், ஓர் எளிய அறிமுகம்

தக்கலையில் ஒரு கல்யாண வீடு. பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் அக்கா மகனைக் காட்டிக் கேட்டார்: "அந்தப் பயலுக்குக் கண்ணு தெரியாதுல்லா? பொறவு கம்ப்யூட்டர்ல என்ன சோலி பாக்கான்? பாட்டு கேப்பானாக்கும்?"

"புரோகிராம் எழுதுகான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "டைப் அடிக்கதுக்கு எழுத்து தெரியண்டாமா?" என்றார். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். அன்று அவருக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களும் இதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்கள்.

டைப் அடிப்பது பெரிய விஷயமே இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயர், ஹையர் எழுதியவர்களைக் கேளுங்கள். விரலைப் பார்த்து அடித்தால் அங்கே திட்டு விழும். கண் காகிதத்தில், விரல் மெஷினில். கம்ப்யூட்டர் கீபோர்டிலும் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளின் மேல் மட்டும் சின்னதாக ஒரு மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். ஆட்காட்டி விரல்கள் இரண்டும் அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டால் மற்ற விரல்களுக்குத் தங்கள் இடம் தெரியும். எழுதுவதற்குக் கண் வேண்டாம்.

சிக்கல் அதற்கு அப்புறம். எழுதியதைத் திரும்பப் படிக்க வேண்டும். ஆயிரம் வரியில் வேண்டிய வரிக்குப் போக வேண்டும். எங்கே தப்பு என்று தெரிய வேண்டும். கண் ஒரு நொடியில் பக்கம் முழுவதையும் மேய்ந்துவிடும். காதுக்கு அப்படி வராது. அதற்கு ஒன்றன் பின் ஒன்றாகத்தான் எதுவும் கிடைக்கும். பார்வையற்ற புரோகிராமருக்கான கருவிகள் எல்லாமே கடைசியில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இருக்கின்றன: நான் இப்போது எங்கே நிற்கிறேன்?

ஸ்கிரீன் ரீடர் எதைப் படிக்கிறது?

முதல் கருவி ஸ்கிரீன் ரீடர். திரையைப் படம்பிடித்து, அதிலிருக்கும் எழுத்தைக் கண்டுபிடித்து வாசிக்கும் சமாச்சாரம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

விண்டோஸில் ஓடும் எந்த புரோகிராமும் தன்னிடம் இருப்பதைப் பற்றி விண்டோஸிடம் சொல்லிவைக்க வழி இருக்கிறது. இது ஒரு பட்டன், இதன் பெயர் 'சேவ்', இப்போது அமுக்க முடியாத நிலையில் இருக்கிறது. பெயர், வகை, நிலை. ஸ்கிரீன் ரீடர் இந்த மூன்றையும் கேட்டு வாங்கிக் குரலாக்கிக் கொடுக்கிறது. டேப் விசையைத் தட்டத் தட்ட "சேவ், பட்டன்", "ஜிஎஸ்டி, செக் பாக்ஸ், நாட் செக்ட்" என்று சொல்லிக்கொண்டே போகும். புரோகிராம் எழுதியவர் அந்தத் தகவலைக் கொடுக்கவில்லை என்றால் ஸ்கிரீன் ரீடரால் ஒன்றும் செய்ய முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன். நாகர்கோவிலில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு எழுதிய பக்கத்தை அக்கா மகனிடம் காட்டினேன். காட்டினேன் என்று எழுதுகிறேன் பாருங்கள், கேட்கக் கொடுத்தேன். ஹெட்செட்டைக் கழற்றி, லேப்டாப் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும்படி வைத்தான். "கிளிக்கபிள். கிளிக்கபிள். கிளிக்கபிள்."

"மாமா, இதுல எது பிரின்ட்?"

அச்சு மெஷின் படம், குப்பைத்தொட்டி படம், பென்சில் படம். மூன்றும் அழகாகத்தான் இருந்தன. வெப் பக்கத்தில் பட்டன் வைப்பதற்கென்றே 'பட்டன்' என்று ஒரு டேக் உண்டு. நான் அதைப் போடாமல் 'டிவ்' என்ற வெறும் பெட்டிக்குள் படத்தை வைத்து, தொட்டால் வேலை செய்யும்படி ஆக்கியிருந்தேன். பார்க்கிறவனுக்கு அது பட்டன். மெஷினுக்கு அது பெயரில்லாத பெட்டி. டேப் விசை அங்கே போகக்கூடப் போகாது. குப்பைத்தொட்டியை பிரின்ட் என்று நினைத்து அவன் அமுக்கியிருந்தால் பில் போயிருக்கும்.

ஸ்கிரீன் ரீடர்களில் நம்மூரில் அதிகம் காதில் விழும் பெயர்கள் இரண்டு, ஜாஸ், என்விடிஏ. ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், லினக்ஸில் ஓர்கா. அவை அந்தந்தக் கருவியோடேயே வந்துவிடும் அல்லது சும்மாவே கிடைக்கும்.

ஜாஸின் கதை நல்ல கதை. டெட் ஹென்ட்டர் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் 1978-இல் கார் விபத்தில் பார்வையை இழந்தார். அதன் பிறகுதான் கோடிங் கற்றுக்கொண்டார். 1989-இல் அவருடைய நிறுவனம் டாஸ் கம்ப்யூட்டருக்கான ஜாஸைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துத் திரையில் கறுப்புப் பின்னணியில் எழுத்து மட்டும்தான் இருந்தது, அதை வாசித்துக் காட்டுவது ஒப்பீட்டளவில் எளிது. விண்டோஸ் வந்ததும் எழுத்தெல்லாம் படமாகி, மவுஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று ஆனபோது பார்வையற்ற புரோகிராமர்களுக்கு வேலையே போய்விடுமோ என்ற பயம் இருந்தது. எல்லோரும் கொண்டாடிய ஒரு முன்னேற்றம் ஒரு கூட்டத்தைப் பின்னால் தள்ளியது. 1995-இல் விண்டோஸுக்கான ஜாஸ் வந்தது. ஆனால் விலை தனியாள் வாங்கும்படியா இருந்தது? இல்லை.

என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் அதை எழுதத் தொடங்கினார். சின்ன வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் அறிமுகமான ஜேம்ஸ் டே என்ற நண்பர், அவரும் பார்வையற்றவர், பிறகு சேர்ந்துகொண்டார். பெரும்பகுதி பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எழுதப்பட்டது. மூலக் கோடிங் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கத் திறந்து கிடக்கிறது. கல்யாண வீட்டுப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் புரோகிராமையே எழுதியவர்கள் கண் தெரியாதவர்கள்தான்.

தகர டப்பாக் குரல்

அவன் லேப்டாப்பில் கேட்கும் குரலை முதலில் கேட்டபோது ரிப்பேரான ரேடியோ என்றே நினைத்தேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு வேகமாக உருட்டினால் வரும் சத்தம். அது ஈஸ்பீக் என்ற குரல், என்விடிஏவோடேயே வருகிறது. கேட்க இனிமையான வேறு குரல்கள் இருக்கும்போது ஏன் இதைக் கட்டி அழுகிறாய் என்று கேட்டேன்.

"இனிமை எதுக்கு மாமா, வேகம்லா வேணும்."

மனிதர் பேசிப் பதிவுசெய்ததிலிருந்து உண்டாக்கும் குரல்களை மிகவும் வேகப்படுத்தினால் குழறும். ஈஸ்பீக் அப்படிப் பதிவிலிருந்து வருவதில்லை. ஒலியையே கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. அதனால் எவ்வளவு விரட்டினாலும் எழுத்து எழுத்தாகப் பிரிந்து கேட்கும், விசையைத் தட்டியதும் தாமதமில்லாமல் பேசத் தொடங்கும். அடுத்த வரிக்குப் போனதும் முந்தைய வரியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். பழகியவர்கள் கேட்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. நாம் பக்கத்தை மேய்வது மாதிரி அவர்கள் வரி வரியாகத் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியின் முதல் ஒன்றிரண்டு சொல்லை மட்டும் கேட்டுவிட்டுத் தாவுவார்கள். காது மேய்வது அப்படி.

ஈஸ்பீக்குக்குத் தமிழும் தெரியும். விண்டோஸிலேயே ஒரு தமிழ்க் குரல் உண்டு, அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வள்ளுவர். கடலுக்குள் 133 அடி உயரத்தில் வாய் திறக்காமல் நிற்கிற அதே வள்ளுவர் எங்கள் வீட்டு மச்சில் பேப்பர் வாசிக்கிறார். கோடிங்குக்கு ஆங்கில ஈஸ்பீக், செய்திக்கு வள்ளுவர் என்று அக்கா மகன் பிரித்து வைத்திருக்கிறான். இதில் ஒரு தொந்தரவு உண்டு. கோடிங்கின் நடுவே நான் தமிழில் குறிப்பு எழுதிவைப்பேன். ஆங்கிலக் குரல்களில் சில தமிழ் எழுத்தைக் கண்டால் ஒன்றுமே சொல்லாமல் தாண்டிவிடும். அப்படிப்பட்ட குரலில் நான் கஷ்டப்பட்டு விளக்கி எழுதிய இடம் வெறும் மௌனம்.

ஐந்து வரி, காதில் விழுகிறபடி

இனி கோடிங்குக்கு வருவோம். அதே சிப்ஸ் கடைக்கு விலை கணக்கிடும் ஒரு சின்னத் துண்டு. கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கினால் மொத்தத்தில் 100 ரூபாய் தள்ளுபடி. பைத்தானில் ஐந்து வரி. நான் அதைக் கண்ணால் பார்ப்பேன். அவனுக்கு அது இப்படிக் கேட்கும்:

"டெஃப் ரேட் லெஃப்ட் பேரன் கிலோ ரைட் பேரன் கோலன்"

"ஃபோர் ஸ்பேஸ் டோட்டல் ஈக்வல்ஸ் கிலோ ஸ்டார் 400"

"இஃப் கிலோ கிரேட்டர் 5 கோலன்"

"எய்ட் ஸ்பேஸ் டோட்டல் ஈக்வல்ஸ் டோட்டல் டேஷ் 100"

"ஃபோர் ஸ்பேஸ் ரிட்டர்ன் டோட்டல்"

('பேரன்' என்பது அடைப்புக்குறி, 'ஸ்டார்' பெருக்கல், 'டேஷ்' கழித்தல். 'ரிட்டர்ன்' கணக்குப் போட்ட விலையைத் திருப்பிக் கொடுக்கும் வரி.) இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது குறிகள். கதைப் புத்தகம் வாசிக்கும்போது "கமா, ஃபுல்ஸ்டாப்" என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் எரிச்சல் வரும். கோடிங்கில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் எல்லாம் போச்சு. அதனால் என்விடிஏவில் எந்த அளவுக்குக் குறிகளைச் சொல்ல வேண்டும் என்று படிப்படியாக மாற்றிக்கொள்ளலாம். என்விடிஏ விசையோடு பி தட்டினால் போதும். (இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக், இவைதான் என்விடிஏ விசை.) குறிகளுக்குச் சுருக்கப் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். ஆச்சரியக்குறி 'பேங்'. அரைப்புள்ளி 'செமி'. ஒற்றை மேற்கோள் 'டிக்'. அடிக்கோடு வெறும் 'லைன்'. "இஃப் கிலோ பேங் ஈக்வல்ஸ் சைபர்னு போடுங்க மாமா" என்று அவன் சொன்னபோது நான் பேங்க் கணக்கு ஏதோ என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது, வரியின் முன்னால் விடும் இடம். பைத்தானில் எது எதற்குள் அடங்கும் என்பதை அந்த வெற்றிடம்தான் முடிவு செய்கிறது. கண்ணுக்கு அது படிக்கட்டு மாதிரி தெரியும். காதுக்கு? வெற்றிடத்துக்குச் சத்தம் கிடையாதே. அதற்குத்தான் அந்த "ஃபோர் ஸ்பேஸ்", "எய்ட் ஸ்பேஸ்". மேலே மூன்றாவது வரியைப் பாருங்கள், எண் எதுவும் வரவில்லை. முந்தைய வரியின் அளவிலேயே இருந்தால் என்விடிஏ சொல்லாது, மாறினால் மட்டும் சொல்லும். பேச்சு வேண்டாம் என்றால் 'பீப்' சத்தமாக மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போகப் போகச் சுருதி ஏறும், வெளியே வந்தால் இறங்கும். ஒரு டேப், நான்கு ஸ்பேஸ் அளவுக்கு ஏறும். அக்கா மகன் வைத்திருப்பது பீப்தான். தூரத்திலிருந்து கேட்டால் யாரோ ஆர்மோனியத்தில் ஒற்றை விரலால் ஸ்வரம் தேடுகிற மாதிரி இருக்கும்.

நான் கடைக்கு எழுதியது உண்மையில் முப்பது வரிக்கு மேல். அரை கிலோ பாக்கெட், காரம், இனிப்பு என்று ஏகப்பட்ட கிளை. அதில் ஒரு கோளாறு. மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு பில் சரியாக வந்தது. இரண்டு கிலோ வாங்கினால் மொத்தம் என்ற இடத்தில் 'நன்' (ஆங்கிலத்தில் None) என்று அச்சாகி வந்தது. கடைக்காரர் போனில் பிடித்துக் கத்தினார். மத்தியானம் முழுக்கத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனான். பீப், பீப், பீப். நின்றான். ஒரு வரி மேலே, மறுபடி கீழே.

"மாமா, ரிட்டர்ன் வரும்போ இது எறங்கணும்லா? எறங்கல்லியே."

கடைசி 'ரிட்டர்ன்' வரி நான்கு ஸ்பேஸில் இருப்பதற்குப் பதிலாக எட்டு ஸ்பேஸில் இருந்தது. அதாவது தள்ளுபடிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கினால்தான் விலையே திரும்பி வரும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, அதுதான் அந்த 'நன்'. எனக்குக் கண் முன்னால் இருந்தும் தெரியாதது அவனுக்குச் சுருதி இறங்காததால் தெரிந்தது. காது கண்ணைவிட உசத்தி என்று சொல்ல வரவில்லை. பல இடங்களில் அவன் கேட்டுத் தவறவிட்டதை நான் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வகைத் தப்புக்குக் காது பொருத்தமாக அமைந்துவிட்டது.

பைத்தானின் இந்த வெற்றிடக் கெடுபிடி பிடிக்காத பார்வையற்ற புரோகிராமர்கள் உண்டு. வளைந்த அடைப்புக்குறி போடும் மொழியே மேல் என்பார்கள். அங்கேயோ "ரைட் பிரேஸ், ரைட் பிரேஸ், ரைட் பிரேஸ்" என்று கடைசியில் ஒரு ஜெபமே நடக்கும், எது எதை மூடுகிறது என்று விரல்விட்டு எண்ண வேண்டும். இதில் நியாயம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

கண்டக்டர் வேலை

அவன் சனிக்கிழமைகளில் தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரிக்கு வருவான். வெளியே பார்க்க முடியாது. வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று கண்டக்டர் கூப்பிடுவதை வைத்துத்தான் கணக்கு. கூட்டத்தில் கண்டக்டர் பின்னால் மாட்டிக்கொண்டு கூப்பிடாமல் விட்ட அன்று பக்கத்து ஆளைக் கேட்க வேண்டிவரும்.

கோடிங் எழுதும் எடிட்டரும் அந்தக் கண்டக்டர் வேலையைச் செய்ய வேண்டும். இன்றைக்குப் பலரும் பயன்படுத்தும் விஎஸ் கோட் அதை ஓரளவு நன்றாகவே செய்கிறது, இலவசமும்கூட. ஸ்கிரீன் ரீடர் ஓடுகிறது என்று அதுவே கண்டுகொண்டு தன்னை மாற்றிக்கொள்ளும். கன்ட்ரோல் ஜி தட்டி எண்ணைக் கொடுத்தால் அந்த வரிக்கு. கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ தட்டினால் ஃபைலில் உள்ள ஃபங்ஷன்களின் பட்டியல், பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் நேராக அங்கே. எஃப் 12 அந்தப் பெயர் முதலில் எங்கே எழுதப்பட்டதோ அங்கே கொண்டுவிடும். எஃப் 8 அடுத்த தப்புக்கு. கண் உள்ளவர்களுக்கும் இவை வேகம்தான், ஆனால் நாம் மவுஸைச் சுருட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவோம்.

தப்புள்ள வரியின் கீழே நமக்குச் சிவப்பு நெளிகோடு வரும் இல்லையா? அதற்குப் பதிலாக அந்த வரியில் போய் நின்றதும் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பிரேக்பாயின்ட் (ஓடும் புரோகிராமை நிறுத்திப் பார்க்க வைக்கும் அடையாளம்) வைத்த வரிக்கு வேறு சத்தம், மடக்கிவைத்த பகுதிக்கு வேறு. இதே சிந்தனையை பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடமும் எடுத்துக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் இன்னொரு கோடிங் கருவியான விஷுவல் ஸ்டுடியோவுக்காக அவர்கள் செய்த கோட்டாக் என்ற இணைப்பில் 'டாக்பாயின்ட்' என்று ஒன்று உண்டு. புரோகிராம் ஓடும்போது குறிப்பிட்ட வரியைத் தொட்டதும் நாம் கேட்ட மதிப்பை அது வாய்விட்டுச் சொல்லும். கண் உள்ளவர்கள் நடுநடுவே 'பிரின்ட்' போட்டுப் பார்ப்பது போலத்தான், இது காதுக்கு.

இன்னொரு வழியும் உண்டு, அது பழையது, எனக்கு ரொம்பப் பிடித்தது. டி.வி. ராமன் புனேயில் பிறந்தவர். 14 வயதில் பார்வை போனது. மும்பை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணக்குச் சூத்திரங்களைக் குரலில் வாசிக்க வைப்பது பற்றி ஆராய்ந்து 1994-இல் முனைவர் பட்டம் வாங்கினார், பின்னாளில் கூகுளுக்குப் போனார். 1995-இல் ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்காக ஈமேக்ஸ்பீக் என்பதை வெளியிட்டார். ஸ்கிரீன் ரீடர் வெளியே நின்று புரோகிராமை எட்டிப் பார்த்து, தெரிந்ததைச் சொல்கிறது. ராமன் அதைத் திருப்பிப் போட்டார். எடிட்டரே பேசட்டும் என்றார். எடிட்டருக்கு எது குறிப்பு, எது கட்டளை, எது மேற்கோளுக்குள் இருக்கும் வாசகம் என்பதெல்லாம் தெரியும் அல்லவா? அதனால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு குரலில் பேசும். நாம் பச்சை, நீலம் என்று கலரில் பிரித்துப் பார்ப்பதை அவர் குரலில் பிரித்துவிட்டார். பழகுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஈமேக்ஸே அப்படித்தான். அக்கா மகன் இரண்டு வாரம் முயன்றுவிட்டு விஎஸ் கோடுக்கே திரும்பிவிட்டான்.

விரலுக்கு

காதுக்குப் பிடிபடாத ஒன்று எழுத்துப்பிழை. 'டோட்டல்' என்பதில் ஒரு ஆங்கில எழுத்தை மாற்றிப் போட்டாலும் குரல் "டோட்டல்" என்றே சொல்லிவிடும். அம்புக்குறியால் எழுத்து எழுத்தாகப் போய்க் கேட்கலாம், நேரம் பிடிக்கும். பிரெயில் டிஸ்பிளே இருந்தால் விரலில் உடனே தட்டுப்படும். கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் பட்டையான கருவி அது. மின்சாரத்தால் சின்னச் சின்ன ஊசிகள் மேலெழும்பி அந்த வரியைப் பிரெயிலில் காட்டும், அடுத்த வரிக்குப் போனால் ஊசிகள் மாறி எழும்பும். லூயி பிரெயில் தந்தது ஆறு புள்ளி, 64 வடிவம்தான் வரும். கம்ப்யூட்டருக்கு அது பத்தாது, அதனால் எட்டுப் புள்ளி, 256 வடிவம். தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வந்தது. கோடிங்குக்கு ஆங்கிலப் பிரெயில்தான் பயன்படும். ஒரே ஒரு குறை, விலை. 40 எழுத்து காட்டும் கருவிக்கு லட்சத்துக்கு மேல் ஆகும். ஆர்பிட் ரீடர் போன்ற 20 எழுத்துக் கருவிகள் அதைவிட மலிவு, ஆனால் நீளமான ஒரு வரியை நாலு தடவை நகர்த்திப் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை.

இன்னும் முட்டுகிற இடங்கள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கட்டளையை டைப் அடித்து வேலை வாங்கும் கறுப்புத் திரை டெர்மினல் முழுக்க எழுத்துதானே, அது சுகமாக இருக்கும் என்று நினைத்தேன். பெரும்பாலும் சுகம்தான். ஆனால் ஏதாவது இன்ஸ்டால் செய்யும்போது 1 சதவீதம், 2 சதவீதம் என்று ஓடும் கோட்டை ஸ்கிரீன் ரீடர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அட்டவணை போல் இடம்விட்டு அச்சாகும் விஷயம் காதில் கஞ்சியாகிவிடும். படம் போட்டு விளக்கும் பாடங்கள், இழுத்துக்கொண்டுபோய் விடும் கட்டங்கள் எல்லாம் சுவர்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டம் கட்டமாக இழுத்து வைத்துக் கோடிங் சொல்லிக்கொடுப்பது இப்போது வழக்கம், பார்வையற்ற பிள்ளை அங்கேயே வெளியே நின்றுவிடும். அதற்காகத்தான் கையில் பிடித்து வயரால் கோத்து விளையாடும் கோட் ஜம்பர் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் உருவாக்கி, பார்வையற்றவர்களுக்கான அமெரிக்கன் பிரின்டிங் ஹவுஸ் என்ற நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது. காதில் கேட்டுப் படிக்கத் தோதாகவே தொடங்கப்பட்ட குவோரம் என்ற மொழியும் இருக்கிறது.

ஒரு பக்கம் பார்வைக்கு எப்படி இருக்கிறது, கலர் பொருந்துகிறதா, எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறதா என்பதற்கு இன்னமும் கண் உள்ள ஒருவரின் துணை வேண்டும். அந்தத் துணை நான். பதிலுக்கு என் கோடிங்கை அவன் கேட்டுப் பார்ப்பான்.

எனக்கு ஆறாத கோபம் ஆன்லைன் பரீட்சைகள் மேல்தான். ஒரு கம்பெனி வேலைக்கான முதல் சுற்றில், சரியான விடையை மவுஸால் இழுத்து விட வேண்டிய கேள்விகள், பக்கத்தில் ஓடும் கடிகாரம். கேள்வி தெரிந்தும் விடை வைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தப் பரீட்சைப் பக்கத்தை எழுதியவரும் என்னை மாதிரி ஒரு 'டிவ்' ஆசாமியாகத்தான் இருந்திருப்பார்.

நீங்களே ஒரு தடவை

படித்துத் தெரிவதைவிட பத்து நிமிடம் செய்துபார்ப்பது மேல். என்விடிஏவை இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள், கன்ட்ரோல் ஆல்ட் என் தட்டினால் பேசத் தொடங்கும். மவுஸைக் கழற்றிவிடுங்கள். என்விடிஏ விசையோடு 1 தட்டினால் பயிற்சி நிலை வரும், எந்த விசையைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், ஒன்றும் கெட்டுப்போகாது, மறுபடி அதையே தட்டினால் அந்த நிலை விலகும். பேச்சு தாங்க முடியாமல் போனால் கன்ட்ரோலை மட்டும் தட்டுங்கள், வாயை மூடும். தைரியம் வந்த பிறகு என்விடிஏ விசை, கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் திரை முழுக்க இருட்டாகும், 'ஸ்கிரீன் கர்ட்டன்' என்பார்கள். அந்த இருட்டில் ஒரு மெயிலைத் திறந்து பதில் எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று குழம்பினால் என்விடிஏ விசையோடு டேப். போதும் என்று தோன்றினால் என்விடிஏ விசையோடு கியூ.

நான் முதல் தடவை நாலு நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு சிப்ஸ் கடைப் பக்கத்தில் 'டிவ்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிஜமான பட்டன்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். ஒரு சாயங்காலத்து வேலைகூட இல்லை. அடுத்த சனிக்கிழமை அவனிடம் கொடுத்தேன். "பிரின்ட், பட்டன். எடிட், பட்டன். டெலீட், பட்டன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் ஒரு பில்லைப் போட்டு, சேவ் அமுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். டேப் தட்டினான். மறுபடியும் தட்டினான்.

"மாமா, சேவ் குடுத்த பொறவு என்னைக் கொண்டு எங்க விட்டிய?"

சேவ் முடிந்ததும் பக்கம் புதிதாகி, அவன் நின்ற இடம் போய், உச்சியில் கடைப் பெயருக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. திரையில் பார்க்கிற எனக்கு அது தெரியவே இல்லை.